நாற்பத்தெட்டு நாள் கழற்றக் கூடாது

நீலமும் மாணிக்கமும் ஒரே கல்தான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து பூமிக்குள் இறுகிய கல். அதில் துளி குரோமியம் புகுந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் புகுந்தால் நீலம். சென்னையில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி பட்டப்படிப்பில் இதைப் படித்தேன். படித்ததை வைத்து என்ன செய்தேன் என்பதை யாரிடமும் சொல்லாமல் எண்பது வயதை நெருங்கிவிட்டேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை. அப்பா இறந்ததும் திருவள்ளூரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் நானும் கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எழுபதுகளின் தொடக்கம். வயல்களுக்கு நடுவே கம்பி வேலி போட்டு ஒவ்வொரு தொழிற்சாலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேட்டிலும் மனு கொடுத்துவிட்டு வருவேன். "லெட்டர் போடுவாங்க, போ" என்பார் வாட்ச்மேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். பஜாரில் சிறிய நகைக்கடை வைத்திருந்தார்.

"லெட்டர் வர்ற வரைக்கும் கடையில வந்து குந்து மச்சான். படிச்ச ஆளு ஒருத்தன் கண்ணுல லென்ஸ வெச்சிக்கினு குந்தினு இருந்தாலே போதும், சனங்க நம்பும்" என்றார்.

கடை ரயில் பெட்டி போல ஒடுங்கி நீண்டிருக்கும். முன்னால் மாமாவின் மேசை. பின்னால் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் என் முக்காலி. நான் வெளியே போக வேண்டுமென்றால் மாமா எழுந்து நாற்காலியை நகர்த்தி வழி விட வேண்டும். மூத்திரத்துக்குப் போவதென்றாலும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த முக்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் சில மாதங்கள் எனக்குப் பிடித்தே இருந்தது. எனக்குத் தெரிந்ததைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். முத்து கல்லே இல்லை, சிப்பி தன் உறுத்தலைச் சுற்றித் தானே பூசிக்கொண்ட பூச்சு. சீயக்காயும் எலுமிச்சையும் பட்டால் அதன் மேல்தோல் செத்துவிடும். குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்வேன். மரகதம் பிறவியிலேயே விரிசலோடு வருவது. விரிசல் தெரியாமலிருக்க எண்ணெயில் ஊறவைத்து விற்பார்கள். வெந்நீரில் போட்டால் எண்ணெய் வெளியேறிக் கல் பல்லை இளிக்கும். வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இதெல்லாம் உண்மை. இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பழவேற்காட்டிலிருந்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருவர் பவழ மோதிரத்தை மெருகு போடக் கொண்டுவந்தார். பவழமும் கல் இல்லை, கடலில் சின்ன உயிர்கள் கட்டிய கூடு என்று அவருக்கு விளக்கினேன். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது கவுச்சியா சார்?"

"ஒரு வகையில அப்படித்தான்."

"நல்லா சொன்ன போ. செவ்வாக்கெழம கவுச்சி தொடமாட்டேன்னு எங்க மாமியாரு விரதம் கீது. இத்த போட்டுக்கினுதான் பூச பண்ணுது. போய் சொல்லட்டா?"

"ஐயோ, வேணாம்மா."

"சொல்லாம வுடுவனா நானு" என்று சிரித்துக்கொண்டே போனார். மாமாவும் சிரித்தார். அந்தக் கடையில் நான் மனம்விட்டுச் சிரித்த நாட்களில் அது ஒன்று.

நீலத்தின் விஷயம் வேறு. அது சனிக்குரிய கல். ஒத்துக்கொண்டால் தூக்கி வைக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் யாரும் நேராக வாங்கிவிட மாட்டார்கள். அணியப் போகிறவர் கல்லை நீலத் துணியில் முடிந்து, சனிக்கிழமை வலது கையில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் பார்ப்பார். கெட்ட கனவு வந்தாலும், பால் திரிந்தாலும், மாடு நொண்டினாலும் கல் கடைக்குத் திரும்பிவிடும். இப்படிப் பரீட்சைக்குக் கொடுக்காத கடையில் ஒருவரும் நீலம் வாங்க மாட்டார்கள்.

மாமாவிடம் நல்ல இலங்கை நீலம் ஒன்றே ஒன்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே பட்டிழை போன்ற மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். பூமியில் விளைந்த கல்லுக்கு அது அடையாளம். அந்த ஒரு கல்தான் எல்லா வீட்டுக்கும் பரீட்சைக்குப் போகும். ஒத்துக்கொண்டது என்று மகிழ்ச்சியோடு திருப்பிக் கொண்டுவந்து, இதையே மோதிரத்தில் பதித்துக் கொடுங்கள் என்பார்கள். நாங்கள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே அளவில், அதே நீள்வட்டமாக, அதே நிறத்தில் வெட்டிய உலைக்கல்லைப் பதித்துக் கொடுப்போம். அலுமினிய ஆக்சைடுப் பொடியை நெருப்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்க்கும் கல் அது. ஒரே பகலில் வளர்த்துவிடலாம். லென்ஸில் அதற்குள் வளைந்த கோடுகள் தெரியும். அங்கங்கே காற்றுக் குமிழிகளும் இருக்கும்.

பெட்டியைத் திறந்து கல்லை மாற்றி எடுத்துக் கொடுப்பவன் நான். முதல் தடவை, "இது தப்பில்லையா மாமா?" என்று கேட்டேன்.

"நீதான மச்சான் சொன்ன, ரெண்டும் ஒண்ணுன்னு? அலுமினியமோ இன்னாவோ?"

நான்தான் சொன்னேன். அது பொய்யும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பொருள், ஒரே கடினம், ஒரே எடை. எந்தக் கல்லுக்கும் கிரக பலன் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். இல்லாத பலனை எந்தக் கல் கொடுத்தால் என்ன என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். திருடுவதற்கு என் படிப்பே எனக்கு வக்கீலாக வந்து நின்றது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மோதிரம் வாங்கிய சிலர் ஒரு வாரத்துக்குள் சென்னைக்குப் போய் அங்கே வேறு யாரிடமாவது காட்டினார்கள். இரண்டு மோதிரங்கள் சண்டையோடு திரும்பி வந்தன. பதிக்கும் ஆசாரி மாற்றிவிட்டான் என்று சொல்லி மாமா சமாளித்தார். அன்று டீ குடித்துக்கொண்டே, "எதுனா எழுது மச்சான். கொஞ்ச நாளு கழட்டாத மாதிரி" என்றார்.

கல்லைப் பராமரிக்கும் முறைகளை நான் எழுதி, மஞ்சள் தாளில் அச்சடித்து, நகையோடு கொடுத்துக்கொண்டிருந்தோம். நீலத்துக்கான சீட்டில் நான் ஒரு வரி சேர்த்தேன். "அணிந்த நாள் முதல் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாட்கள், எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது, கழற்றினால் பலன் விபரீதமாகும்." நாற்பத்தெட்டு நாள் விரலில் கிடந்தால் பொன்னில் கீறல் விழுந்துவிடும், பழகிய மோதிரத்தை யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். காரணம் அவ்வளவுதான். எந்தச் சாஸ்திரத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். மாமா இரண்டு தரம் படித்துவிட்டு, "பஞ்சாங்கத்துலேர்ந்து எடுத்தாப்பலயே கீது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடும் ஒருவர் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்காகக் கடைக்கு வந்தார். மாப்பிள்ளை ஜாதகத்துக்கு நீலம் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளை இங்கேயே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தான். பரீட்சைக் கல்லை வாங்கிப்போய்ச் சம்பந்தி வீட்டில் கொடுத்தார். மாப்பிள்ளை அதைக் கையில் கட்டிக்கொண்ட மூன்றாம் நாள் அவனுக்கு வேலை நிரந்தரமானது. அவன் அம்மாவே வாழைப்பழச் சீப்போடு கடைக்கு வந்துவிட்டார்.

"கல்லு இல்ல தம்பி இது. சாமி" என்றார் என்னிடம்.

பழத்தை வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானமே கல்லை மாற்றினேன். கல் சதையில் பட வேண்டும் என்பதற்காக அடிப்பக்கம் திறந்தபடி மோதிரம் செய்து, சிவப்புத் தாளில் மடித்து, மஞ்சள் சீட்டோடு கொடுத்தோம்.

கல்யாணம் ஆகி ஒன்றரை மாதம்கூட இருக்காது. பஜாரில் செய்தி வந்தது. இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கி அந்தப் பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மோதிரம் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வராதே என்று போர்மேன் அவனிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாராம். அவன் மோதிரத்தைக் கழற்றவில்லை. அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறான். பெல்ட் முதலில் பிடித்தது அந்தத் துணியைத்தான்.

இதைக் கேட்டபோது எனக்கு முன்னால் மஞ்சள் சீட்டுக் கட்டு இருந்தது. அதை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பதினைந்து நாள் கழித்து மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். கையில் பெரிய கட்டோடு பையன், அவன் அம்மா, அவனுக்குக் கட்டிக்கொடுத்த அந்தப் பெண். பெண் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழே தெருவில், வெயிலில் நின்றாள். பதினெட்டு வயது இருக்கும். அம்மா நெளிந்த மோதிரத்தை மேசைமேல் வைத்தார். பொன் நசுங்கியிருந்தது. கல்லில் ஒரு கீறலும் இல்லை.

"மூணு நாளு கையில கட்டினப்போ வேல பர்மனென்ட் ஆச்சி. அதே கல்லு, அதே கையி. இப்ப வெரலு போச்சி. நடுவுல இன்னா மாறிச்சி? அத்த தெரிஞ்சிக்கினு போவத்தான் வந்தேன்" என்றார்.

"ஏம்மா, மிஷினு..." என்றான் பையன்.

"நீ சும்மா இருடா." பிறகு மாமாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. அன்னிக்கி கட்டின கல்லுதானா இது? கல்லு மாறியிருந்தா சொல்லிடு, நான் அழுதுட்டுப் போயிடறேன். கல்லு மாறலன்னா எங்க ஊட்ல புதுசா வந்தது ஒண்ணே ஒண்ணுதான்." அவர் தெருப் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை.

"பாரு மச்சான். நல்லா பாத்து சொல்லு. பி.எஸ்சி. படிச்சவன் சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார் மாமா. மோதிரத்தை எடுத்துப் பின்னால் என்னிடம் நீட்டினார்.

லென்ஸை எடுத்தேன். கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு குமிழி. நான் மாற்றி வைத்த அதே உலைக்கல். பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தேன். எடுத்தால் பதில் சொல்ல வேண்டும். கல் மாறிவிட்டது என்று சொன்னால் அந்த அம்மாவின் கணக்குப்படியே பெண் தப்பிப்பாள். கடை போகும். மாமா ஜெயிலுக்குப் போகலாம், அவரோடு நானும். எனக்கு இடப்பக்கம் இரும்புப் பெட்டி, வலப்பக்கம் சுவர், முன்னால் மாமாவின் முதுகு. அந்த முதுகு நகராமல் நான் தெருவுக்குப் போக முடியாது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. வாய் திறப்பதற்கு யாரும் வழி விட வேண்டியதில்லை.

"அதே கல்தாம்மா. கல்லுல எந்த தோஷமும் இல்ல" என்றேன்.

கல்லைக் காப்பாற்றினால் விஷயம் முடிந்துவிடும் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். அவர் சொன்ன மற்றொரு பாதியை என் காது வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது போலும்.

அந்த அம்மா மோதிரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வாசலுக்குப் போய், "கேட்டுக்கினியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பெண் தலையை ஆட்டினாள். மூவரும் போனார்கள். அவள் கடைசியாக, சற்றுப் பின்தங்கி நடந்தாள்.

மறுவாரம் அவளைப் பெட்டியோடு அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

அன்று அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லிடப் போறேன்க்கா" என்றேன்.

அக்கா நிமிராமல் சொன்னார்: "சொல்லு. சொல்லிட்டு அம்மாவ எங்க இட்டுக்கினு போவ?"

"ஒரு பொண்ணு வாழ்க்கைக்கா."

"எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. அதுங்க அப்பன் ஜெயில்ல கீறான்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்? நீ கட்டி வெப்பியா, அந்த அலுமினியத்த வெச்சிக்கினு?"

அம்மா பக்கத்து அறையில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். வழக்கமாக வரும் இருமலைக்கூட அவர் அடக்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு மனு கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரயிலேறிக் கவரைப்பேட்டையில் இறங்கினேன். அந்தக் கிராமத்துக்கு நடந்து போனேன். பெண்ணின் அப்பா பம்புசெட்டுக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை மோதிரத்துல இருக்கறது நீங்க பரீட்சைக்கு எடுத்துக்கினு போன கல்லு இல்லைங்க. அது செஞ்ச கல்லு. நான்தான்..."

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கோபப்படுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் வேலிக்கு அப்பால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"இத்த அங்க போய் சொல்லிட்டியா நைனா?"

"இல்லீங்க. முதல்ல உங்ககிட்ட..."

"சொல்லாத. இப்ப ராசி இல்லாத பொண்ணுன்னு சொல்றாங்க. நீ சொன்னா, பொய்க் கல்லு போட்டு ஏமாத்தின ஊட்டுப் பொண்ணும்பாங்க. ராசியாவது நாளைக்கி மாறிச்சின்னு சொல்லி இட்டுக்கினு போவாங்களான்னு பாத்துக்கினு கீறேன். அந்த வழியயும் அடச்சிட்டுப் போயிடாத."

"கடைமேல போலீஸ்ல..."

"போய்ட்டு வா நைனா. நல்லா இரு." அவர் பம்புசெட் பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

நானும் திரும்பியிருக்க வேண்டும். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். வாங்கிக் குடித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆனால் கல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"கல்லு எதா இருந்தா இன்னா சார்? அது என்னாலதான் ஆச்சி" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"உங்களுக்குத் தெரியாது. போர்மேனு திட்டறாரு, கழட்டி வெச்சிட்டுப் போறேன்னு அவரு தெனம் சொல்வாரு. நான்தான் வுடல. சீட்ட எடுத்துப் படிச்சிக் காட்டுவேன். துணி சுத்திக்கினு போன்னு சொன்னதும் நான்தான். அன்னிக்கோட நாப்பத்தியோரு நாளு ஆயிடிச்சி சார். இன்னும் ஏழு நாளுதான் பாக்கி."

அவள் உள்ளே போனாள். ஒரு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் சீட்டோடு வந்தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து வெளுத்திருந்தது.

"அஞ்சாவதோட நின்னுட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எங்க மாமியா ஊட்ல ஆருக்கும் படிக்கத் தெரியாது, அதால கேக்க முடியல. நான் சரியாத்தான் படிச்சனான்னு பாத்து சொல்லுங்க சார். கழட்டக் கூடாதுன்னுதான போட்டுக்கீது?"

சீட்டை வாங்கினேன். என் வாக்கியம்தான். "எக்காரணம் கொண்டும்" என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தபோது அவற்றின் கம்பீரம் எனக்குப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. இதை நான் எழுதினேன், கடைக்காக எழுதினேன், இது வெறும் பொய், உன் புருஷன் சொன்னதுதான் சரி, நீ படித்ததை நம்பியதைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவளுக்கு அந்த வீடு திரும்பக் கிடைத்திருக்காது. ஆனால் அவள் மேல் அவளே சுமத்திக்கொண்டிருந்தது இறங்கியிருக்கும். அதைத் தடுக்க அங்கே மாமா இல்லை, அக்கா இல்லை, சுவரும் இல்லை. சுற்றிலும் திறந்த வயல்தான்.

கல்லை மாற்றியதை ஒப்புக்கொள்வது எனக்கு அவ்வளவு கடினமாக இல்லை. அதில் பாதிப் பங்கு மாமாவுடையது. இந்த வரி முழுக்க என்னுடையது.

"ஆமாம்மா. சரியாத்தான் படிச்சிருக்க" என்றேன்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலேயே தனி வீடு போனேன். அந்தப் பையன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று பஜாரில் சொன்னார்கள். அவளைப் பற்றி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓய்வு பெறும் வரை தினமும் ரயிலில் கவரைப்பேட்டையைத் தாண்டிப் போய்வந்தேன். ஒரு நாளும் அங்கே இறங்கவில்லை.